அண்ணையின் பேய்க்குக் கொம்பு முளைத்தது

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நோர்பரியில் எங்கள் கவுன்சில் வாடகை வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் அம்மா, அண்ணை, நான், அம்மாவோடு வேலை செய்யும் ஒருவர் அனுப்பிவைத்த போதகர். இல்லாதவர்கள், பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்டில் நின்ற அப்பாவும் எங்கள் சாமிகளும். படங்களை அகற்றிவிடுங்கள் என்று போதகர் போனிலேயே சொல்லியிருந்தார். அம்மா முருகனையும் பிள்ளையாரையும் பழைய சேலையில் சுற்றி அலுமாரியில் டவல்களுக்கு அடியில் வைத்திருந்தார்.

அண்ணைக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கி ஒரு வருடமாகியிருந்தது. டாக்டர் தந்த குளிசையில் உடம்பு ஊதியதே தவிரக் குரல் முழுதாக நிற்கவில்லை. லூயிஷாம் சிவன் கோயிலில் அர்ச்சனை, நேர்த்தி, கையில் நூல் எல்லாம் முடிந்து, அம்மாவுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது. சின்ன வயதிலிருந்தே டாக்டரிடமும் கவுன்சிலிலும் அவருடைய வாய் நான்தான். போதகருக்குத் தமிழ் தெரியாது; அன்றும் நான்தான்.

மேற்கத்தியரின் சாத்தானுக்கு உருவம் வந்த வரலாற்றைத்தான் அப்போது பல்கலைக்கழகத்தில் ஆய்வாக எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான். “வருஷம் ஒன்பதாயிரம் பவுண் கட்டிப் பேய் படிக்கிறார் எங்கட ஆள்,” என்பார் அப்பா. கடையில் யாராவது கேட்டால் “சட்டம்” என்று சொல்லிவிடுவார்.

பழைய தேவாலயப் படங்களில் சாத்தானுக்குக் கொம்பு கிடையாது. ஆட்டுக்காலும் கொம்பும் பழைய காட்டுத் தெய்வங்களிடமிருந்து வந்து ஒட்டியவை என்கிறார்கள். பிறகு வௌவால் சிறகு முளைத்தது. பிறகு நாடக மேடையில் அடிவாங்கிச் சிரிப்புக் காட்டினான். இன்று ஒக்டோபர் வந்தால் சூப்பர்மார்க்கெட்டில் அவனுடைய சிவப்புப் பிளாஸ்டிக் கொம்பு தொங்குகிறது. புதுச் சமயம் வந்த இடங்களில் பழைய சாமி பேயாகிவிடும் என்று நானே எழுதியிருந்தேன்.

போதகர் சுவரில் வெறுமையாகக் கிடந்த சாமித்தட்டைக் காட்டி, “அவன் உள்ளே வந்த வழி இதுதான்,” என்றார். தமிழில் சொன்னேன்.

“நாங்கள் கும்பிட்டதோ?” என்றார் அம்மா.

“அப்பிடித்தான் சொல்லுறார்.”

“அவரை விடு. நீ படிச்சனி தானே. உந்தப் பேய் இருக்கோ, இல்லையோ?”

எப்போது கொம்பு வந்தது, யார் வரைந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியும். அம்மா அதைக் கேட்கவில்லை. நான் போதகரின் கோப்பையில் தேநீர் ஊற்றினேன்.

போதகர் அண்ணையின் தலையில் கைவைத்து, கொம்புள்ளவனே வெளியே போ என்று அதட்டினார். அதுவரை அண்ணையின் குரல்களுக்கு முகம் இருந்ததில்லை. மறுநாள் கோர்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட்டபடி சாதாரணமாகச் சொன்னார்: “கொம்பு இருக்கடா தம்பி. வார்ட்ரோபுக்குப் பின்னால நிக்கிறான்.”

லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தேன். “அண்ணை, இஞ்ச பாருங்கோ. இது பழசு, கொம்பில்லை. இது பிறகு கீறின படம். எல்லாம் மனுசர் கீறினது.”

அண்ணை ஒவ்வொரு படமாக, திரும்பிப் போயும் பார்த்தார். எங்கள் வீட்டில் என் படிப்பை அவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை.

“ஓம்,” என்றார் கடைசியில். “அப்ப அவன் உருவம் மாத்துறவன். நானும் யோசிச்சனான்.”

அன்றே குளிசையை நிறுத்தினார். அதுவும் அவனாக இருக்கலாமாம். அம்மா கெஞ்சினார், அப்பா ஏசினார். நான் போன் எடுத்ததும் போதகர் பதறிப்போய் ஓடிவந்தார். குளிசையை விடும்படி தான் சொல்லவில்லை என்று அண்ணை பூட்டிக்கொண்ட அறைக்கு வெளியே நின்று மன்றாடினார். “நீங்கள் நாலு பேரும் ஒரே குரலில கதைக்கிறியள்,” என்று உள்ளிருந்து அண்ணை சொன்னார். வார்ட்ரோபை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே வைக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு நாள் சோறு தண்ணி இல்லை. பிறகு ஆம்புலன்ஸும் பொலிசும் வந்து கதவை உடைத்தார்கள். படியிறங்கும்போது அண்ணை ஒரு கணம் நின்று என் நெற்றியின் இரு பக்கத்தையும் உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான். அம்மா சாமிகளைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார். ஆனால் இப்போது கும்பிடும்போது கண்ணை மூடுவதில்லை.

போதகர் தேநீரைத் தவிர ஒன்றும் வாங்கவில்லை. கவுன்சில்தான் பில் அனுப்பியது. அதையும் நான்தான் அம்மாவுக்குத் தமிழில் வாசித்தேன்: கதவு, பூட்டு, கூலி எல்லாம் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு பவுண்.