மூன்று புல்லிதழ்

முப்பது வருஷமாகப் பிடிலைத் தோளில் மாட்டிக்கொண்டு லிமுசேன் சீமையில் கோட்டை கோட்டையாக அலைந்தவன் கெரின். போர்வீரர்களின் மானத்தையும் பக்தியையும் பாடுவதுதான் பிழைப்பு. ஆனால் ஈஸ்டர் அன்று ஊரே முழந்தாளிட்டு நற்கருணை அப்பம் வாங்கும்போது அவன் மட்டும் கதவோரம் நிற்பான். கூத்தாடிக்குக் கிடையாதாம். அவன் பாட்டைக் கேட்டு உருகிய எந்தப் பிரபுவும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வான். பழகவில்லை.

இந்தக் குளிரில் இருமினால் ரத்தம் வந்தது. அடுத்த ஈஸ்டர் தனக்கில்லை என்று தெரிந்ததும் இந்த ஈஸ்டரிலாவது நற்கருணை வேண்டுமென்று வெர்னே ஊர்ச் சாமியாரின் காலில் விழுந்தான்.

"தாரேன். ஆனா பூசையில எல்லார் முன்னாடியும், பாடினதெல்லாம் பொய்னு சொல்லணும். முக்கியமா அந்தப் புல்லுக் கதை" என்றார் சாமியார்.

அந்தக் கதையில், போர்க்களத்தில் சாகிற வீரனுக்குச் சாமியார் கிடைக்கமாட்டார். தோழன் மூன்று புல்லிதழைப் பறித்து அவன் வாயில் வைப்பான், அதுவே நற்கருணை. பாட்டில் அந்த இடம் வந்தால் பெண்கள் அழுவார்கள், கெரினுக்கு இன்னொரு துண்டு இறைச்சி விழும்.

"அதுக்கென்ன சாமி, சொல்லிட்டாப் போச்சு."

ஈஸ்டர் காலையில் கோயில் வாசலில் ஆதெமார் பிரபு அவன் கையைப் பிடித்தார். சண்டையில் கால் போனவர்.

"பாட்டுக்காரா, என் தம்பி என் மடியிலதான் செத்தான். பக்கத்துல சாமியார் யாருமில்ல. உன் பாட்டு ஞாபகம் வந்துச்சு, மூணு புல்லு வச்சேன். நிம்மதியாப் போயிட்டான்." கொஞ்சம் தயங்கினார். "அது செல்லும்ல?"

"உள்ள போங்க எசமான், பூசைக்கு நேரமாச்சு" என்று நழுவினான் கெரின்.

பூசை நடுவில் சாமியார் அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அப்பம் இருந்தது. ஊன்றுகோலைப் பிடித்தபடி ஆதெமார் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுப்பா. அந்தப் புல்லு?"

மானத்தைப் பாடியே வயிறு வளர்த்தவன். அது ஒருநாள் தன்னிடமே வந்து கை நீட்டும் என்று அவன் நினைத்ததேயில்லை. பயமாக இருந்தது.

"புல்லு செல்லும் சாமி" என்றான்.

சாமியார் அப்பத்தை எடுத்த கையைக் கீழே இறக்கினார். கெரின் வெளியே நடந்தான்.

கோயிலுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் இருமி முடித்து உட்கார்ந்தான். மூன்று இதழ் பறித்தான். பாட்டில் அதை வாயில் வைக்க ஒரு தோழன் இருப்பான். சுற்றிலும் பார்த்தான். உள்ளே எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

தானே வைத்துக்கொண்டான்.