நெடுஞ்சாலையோரத்தில் ஒரு தூள் போத்தல்

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலைக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்தக் குறையைத் தீர்த்தவர் ஓய்வுபெற்ற ஒரு பேருந்து ஓட்டுநர். ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, வறண்ட உள்நாட்டு நெடுஞ்சாலைகளுக்கு நாடுகாண் பயணிகளின் பெயர் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து எங்கள் சாலையில் வண்டிகள் நின்று போகும் தரிப்பிடங்களில் சிறு பெட்டிகளை ஒளித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணியின் பெயரை வைத்தார். கைபேசி காட்டும் இடத்தில் பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் நம் பெயரை எழுதி, இருந்தபடியே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஜியோகேச்சிங் என்கிற இந்த விளையாட்டில் எனக்குப் பைத்தியம். அவருடைய பெட்டிகள் எல்லாவற்றையும் கண்டுபிடித்து முடித்ததும் அவரே எழுதினார்: காட்டோரத் தரிப்பிடம் ஒன்று காலியாக இருக்கிறது, அங்கே உன்னுடையதை வை.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். வருகிற கடிதங்களை எல்லாம் நான்தான் படிப்பேன். விளையாட்டின் விதிகளையும் அப்படியே வரிவரியாகப் படித்தேன். பெட்டிக்குள் உணவு வைக்கக் கூடாது என்றிருந்தது. நான் வைக்கவில்லை. அம்மா கறித்தூள் போட்டுவைக்கும் போத்தல் ஒன்று காலியாக இருந்ததை எடுத்தேன், அவ்வளவுதான். தண்ணீர் புகாத மூடி.

“வடிவாச் சவுக்காரம் போட்டுக் கழுவினனான்,” என்றார் அம்மா.

அப்பா வாங்கி முகர்ந்தார். “ஒரு மணமும் இல்லை. ஆனா உந்தப் போத்தலைத் தேடி ஆர் வரப்போகினம்?”

“சனம் வரும் அப்பா.”

“வேலைவெட்டி இல்லாத சனம்.”

முதலில் வந்தவர்கள் கறி மணக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். பிறகு அந்த மணத்துக்கு ரக்கூன் என்கிற காட்டு விலங்கு வந்தது. மூடியைக் கடித்துத் திறந்து தாளைக் கிழித்துப் போட்டிருந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று ஓட்டுநர் எழுதினார். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சிறு வயதிலிருந்தே அந்தச் சாலையில் போய் வருகிறோம். எங்களுடையது என்று அதில் இருந்தது அந்த ஒரு போத்தல்தான்.

அப்பா வேலையிடத்திலிருந்து ஆணி போடும் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அது ஒரு கிழமை முழுவதும் எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்திலேயே கிடந்துவிட்டது. மணம் ஏறியிருக்குமா என்று மூவரும் மாறிமாறி முகர்ந்தோம். போத்தலில் தெரியாதது இதில் மட்டும் எங்களுக்கு எப்படித் தெரியும்? ஓட்டுநரையே தரிப்பிடத்துக்கு வரச் சொன்னேன்.

அவர் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார்.

“யந்திர எண்ணெய்,” என்றார். “வேறொன்றும் இல்லை. வை.”

மரத்தின் வேர்களுக்கிடையில் வைத்துவிட்டு வந்து, அப்பா காத்திருந்த காரில் ஏறினேன்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“மணக்கேல்லையாம்.”

“அதைத்தானே நான் போத்தலுக்கும் சொன்னனான்,” என்று காரை எடுத்தார்.