குரோம் வனேடியம் ஊறிய தண்ணீர்

லாரிப் பட்டறைக்காரர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். ஒற்றை ஆளாகப் பட்டறையை எழுப்பியவர். யாருக்கும் தலைவணங்காத அந்த மனுஷரைச் சர்க்கரை வந்து ஆட்டிப் படைத்தது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "வனேடியம்னு ஒரு உலோகம்ப்பா. அதுல செஞ்ச மருந்த எலிக்குக் குடுத்தா சர்க்கரை குறையுது."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் 'குரோம் வனேடியம்' எஃகு என்று கேட்டுக் கேட்டு வாங்கிய ஸ்பானர்கள் பட்டறை நிறையத் தொங்குகின்றனவே! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டா நெய்க்கு அலைந்தோம்? புது ஸ்பானர் ஒன்றைத் தேய்த்துக் கழுவித் தன் தண்ணீர்க் கூஜாவுக்குள் போட்டார். மாத்திரையை நிறுத்தினார். வீட்டில் மூச்சுவிடவில்லை.

தாகம்தான் கூடியது. பாதம் பஞ்சில் மிதிப்பதுபோல மரத்தது. அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. இன்று அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அது நினைவுக்கு வரும். உடனே கூஜாவைத் தூக்குவார்.

ஒரு மதியம் சாப்பிட வந்தவரைப் பார்த்து மனைவி அலறினாள். "என்னங்க, தரையெல்லாம் ரத்தம்!"

செருப்பைத் துளைத்துக்கொண்டு இரும்புச் சீவல் ஒன்று உள்ளங்காலில் ஏறியிருந்தது. வலிக்கவே இல்லை.

ஓடிவந்த மகள் தண்ணீர் கொடுக்க அவர் கையிலிருந்த கூஜாவைத் திறந்தாள். "உள்ள என்னப்பா ஸ்பானர்?"

"நீ சொன்ன மருந்துதான்."

"அய்யோ! நாங்க குடுத்தது வனேடியத்துல செஞ்ச ரசாயன உப்புப்பா. அதுக்கே எலிக்கு வயிறு கெட்டுச்சு. மனுஷனுக்கு இன்னும் மருந்தாவே வரல. நீங்க குடிச்சது ஸ்பானர் கழுவுன தண்ணி!"

"கூஜாவ யாரையும் தொடவிடாதப்பவே நெனச்சேன்," என்றாள் மனைவி. "ஏதோ அமிர்தம் வச்சிருக்காருன்னு!" சொல்லிக்கொண்டே அவர் காலில் துணியைச் சுற்றினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்தபடி கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

மனைவி முகத்தைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். "இல்லம்மா. நிறுத்திட்டேன்." பிறகு மெல்ல, "காலு தங்குமாம்மா?"

டாக்டரம்மா ஊசிமுனையால் பாதத்தைத் தொட்டார். "தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். பெருவிரல் பக்கம், எங்கோ தூரத்தில், ஓர் எறும்பு கடித்தது.

"தெரியுது," என்றார். "இன்னொரு தடவ குத்துங்கம்மா."