இடது ஓரத்தில் நிற்கும் பெண்

போர்ட்லாரி என்ற மீன்பிடி ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் மேர், மீதிப் பேருக்கு ஃப்ளெட். பட்டப்பெயர் சேர்க்காமல் ஆளைச் சொன்னால் தபால்காரனுக்கே தலை சுற்றும். அந்த ஊரில் எந்தப் பழைய புகைப்படத்தை நீட்டினாலும், பின்வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்பவனைக்கூட இன்னார் மகன், இன்ன படகில் போனவன் என்று சொல்லிவிடக் கூடியவள் எஃபி மேர் ஒருத்திதான். வயது அறுபத்தொன்பது. பதினைந்து வயதில் மீன் அறுக்கும் கொட்டகைக்குப் போனாள். பிறகு இருபத்தாறு வருஷம் கூட்டுறவுக் கடையில் நின்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "நல்ல பையனுங்க எல்லாம் எனக்கு அண்ணன் முறையாப் போயிட்டானுங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

வியாழக்கிழமை தோறும் மதியம் இரண்டு மணிக்கு மிஷன் கூடத்தில் படம் காட்டுவார்கள். மேஜை இழுப்பறையிலோ, செத்துப்போனவர்களின் பிஸ்கட் டப்பாவிலோ கிடைத்த படங்களையெல்லாம் ஊரார் எஃபியிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஓய்வுபெற்ற தபால்காரன் அலெக் ஸ்லேட்டர், அவளோடு பள்ளிக்கூடம் போனவன், அவற்றைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவான். தேநீர், வெண்ணெய் பிஸ்கட், சிரிப்பு, சண்டை. எஃபி ஒரு தடித்த நோட்டில் படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுவாள். ஒரு பெயர் விடுபட்டாலும் அடுத்த படத்துக்குப் போக விடமாட்டாள். அது அவளுடைய சட்டம்.

கடலோடிகள் பழைய நம்பிக்கைகளை விட்டுவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போன மாதம் காட்டிய கறிக்கடைப் படத்தில் கொக்கியில் ஒரு பன்றி தொங்கியது. முன்வரிசைக் கிழவர்கள் ஐந்து பேரும் பேச்சை நிறுத்தாமலே, கெட்டது அண்டாமலிருக்கக் குனிந்து நாற்காலியின் இரும்புக் காலைத் தொட்டுக்கொண்டார்கள். அந்த மிருகத்தின் பெயரை அங்கே வாயால் சொல்வதில்லை. கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடுவதும் இல்லை. எதை மறந்து வைத்துவிட்டுப் போனாலும் சரி, அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பி வரக் கூடாது.

எஃபி கூப்பிட்டாள். 1967 நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமைக் காலை அது. அண்ணன் டாட் ரொட்டி டப்பாவை அடுப்பங்கரை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். எஃபி டப்பாவைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினாள். 'கான்ஸ்டன்ட் ஹோப்' படகில் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். யோசிக்காமல், "டாட்!" என்று கத்திவிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான், ஏணியில் ஏறி வந்து டப்பாவை வாங்கிக்கொண்டான். "வாயை மூடிக்கிட்டு ஓடு. அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னைத் தொலைச்சிடுவா" என்று சிரித்தான். புதன்கிழமை புயலில் படகு போயிற்று. ஆறு பேர். ஓர் உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை.

அம்மா அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் இருந்தாள். "நாம ஒரு தப்பும் பண்ணலையேடி, எல்லாம் சரியாத்தானே பண்ணோம்" என்று எஃபியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "பண்ணல அம்மா" என்று எஃபியும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்று காலை துறையில் இன்னொருவரும் இருந்தார். வங்கி அதிகாரி, வெளியூர்க்காரர், கழுத்தில் எப்போதும் கேமரா. டப்பாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, கேமரா தன் பக்கம் நீண்டிருந்ததை எஃபி பார்த்திருந்தாள். இரண்டு வருஷத்தில் அவர் குடும்பத்தோடு கனடா போய்விட்டார். அந்தப் படம் எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் முதலில் தன் கையில் விழ வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எஃபி இந்தப் படக்கூட்டத்தை ஆரம்பித்ததே அதற்காகத்தான். ஊரின் நினைவைக் காப்பாற்றுகிறாள் என்று சொல்லி அவளுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் பரிசு கொடுத்தார்கள். அதை அவள் அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

படம் வந்தது. ஆனால் அவள் கையில் விழவில்லை. பல் பிடுங்கிக்கொள்ள எல்ஜின் நகரத்துக்குப் போய்விட்டு வீங்கிய கன்னத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கூட்டுறவுக் கடைக் கண்ணாடியில் அலெக் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தான்: 'கான்ஸ்டன்ட் ஹோப் கடைசியாகப் புறப்பட்ட காலை. இதுவரை யாரும் பார்க்காத படம். வியாழன் இரண்டு மணி.'

"வங்கிக்காரர் மக கனடாவுல இருந்து கம்ப்யூட்டர்ல அனுப்பியிருக்கா, எஃபி! கலர்ப் படம்!" அலெக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "டாட் இருக்கான், கிளியரா இருக்கான். நீ பாக்கணும். அழுதுடுவே."

அலெக் அனுப்பிவைத்ததை வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். படகின் பெயர் தெரிந்தது. சுக்கான் சக்கரத்தருகே கேப்டன் ஜிம் ஃப்ளெட். டாட் ஏணியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், சிரித்துக்கொண்டுதான். இடது ஓரத்தில், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிவப்புத் தலைத்துணி கட்டிய ஒரு பெண். ஒரு கையில் டப்பா, இன்னொரு கை மேலே தூக்கியபடி. முகம் தெரியவில்லை. ஆனால் என்ன செய்கிறாள் என்பது அந்த ஊரில் பிறந்த எவருக்கும் ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

புதன் முழுக்க அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. பல்லைக் காரணம் சொன்னாள். இடது ஓரத்தை வெட்டிவிடலாமா? அலெக்கிடம் கேட்டும் பார்த்தாள்.

"வெட்டறதா? ஒரு தலை விட்டாக்கூட என் உசிரை எடுப்பியே, நீயா சொல்றே? பல்லோட சேத்து மூளையையும் பிடுங்கிட்டாங்களா?"

வியாழன் காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பெல்லா ஃப்ளெட் நின்றாள். கேப்டன் ஜிம்மின் மனைவி, வயது எண்பத்திரண்டு, துறைக்கு மேலே மேட்டுத்தெருவில் அதே பழைய வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள். கோட்டைக் கழற்றாமலே அடுப்பருகே உட்கார்ந்தாள். தேநீர் வேண்டாம் என்றாள். அந்த ஊரில் தேநீர் வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் விஷயம் பெரிசு.

"ஏ பொண்ணே, அந்தப் படத்தை இன்னிக்குப் போடாதே."

தெரிந்துவிட்டது, இத்தனை வருஷமும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது என்று எஃபி நினைத்தாள். "பெல்லா, நான் உங்ககிட்ட..."

"நான் இன்னும் பாக்கல. அலெக் சொன்னான், என் வீட்டுக் கொல்லைகூட அதுல தெரியுதாமே. தெரியுதா?"

"கொல்லையா?"

"கொல்லைதான்டி. கயித்துல துணி கிடக்கா?"

எஃபி எழுந்து போய்ப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். இடது ஓரத்தைத் தவிர வேறெதையும் அவள் அதுவரை பார்த்திருக்கவில்லை. வலது மேல் மூலையில், மேட்டுத்தெரு வீடு ஒன்றின் பின்னால், மூன்று வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்பிக்கொண்டு கிடந்தன. போர்ட்லாரியில் மற்றவர்கள் திங்கட்கிழமை துவைப்பார்கள். கடலோடி வீடுகளில் மட்டும் செவ்வாய்தான். புருஷன் கடலுக்குப் புறப்படுகிற திங்களன்று துவைத்தால் அவனையே அலசி அனுப்புவதாக அர்த்தம்.

"கிடக்கு," என்றாள் எஃபி.

பெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். "சின்னவன் ராத்திரி பூரா வாந்தி. வீட்டுல வேற விரிப்பே இல்ல. ஜிம் வாசலைத் தாண்டினதும் தொட்டியில போட்டேன். ஒரு மணி நேரந்தான், யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டேன்னு நினைச்சேன். ஆறு பேரை நான் கொன்னேன், எஃபி. உன் அண்ணனையும் சேத்துத்தான். உங்க அம்மா முகத்தை அப்புறம் நான் நிமிந்து பாத்ததே இல்ல."

ஒரு கணம், வெட்கமே இல்லாமல், எஃபிக்கு உடம்பு லேசாயிற்று. பேசாமல் இருந்தால் போதும். இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டு, படகை மட்டும் காட்டி, இந்தக் கிழவிக்கும் உதவி செய்த புண்ணியத்தோடு சாகலாம். அடுத்த கணம் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

"துணியால இல்ல, பெல்லா. இங்க பாருங்க." இடது ஓரத்தைக் காட்டினாள். "இது நான். டப்பாவை விட்டுட்டுப் போயிட்டான். கூப்பிட்டேன். படகை விட்டு ஏறி வந்து வாங்கிக்கிட்டான்."

பெல்லா வெகுநேரம் பார்த்தாள். கட்டிக்கொண்டு அழுவாள் என்று எஃபி நினைத்திருந்தால் அது தப்பு. கிழவியின் முகம் கல்லாகிவிட்டது.

"என் மாமியார் சாகும்போது அவ காலைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டேன். எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வருஷம். நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே? கூட்டுறவுக் கடையில நின்னு எனக்கு வெண்ணெய் பொட்டலம் கட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தே."

"எனக்கு உங்க துணி விஷயம் தெரியாதே, பெல்லா."

"ஆறு வீட்டுப் பொம்பளைங்க எதை நினைச்சு வெந்துக்கிட்டு இருப்பாங்கன்னு ஒரு தடவை தோணலையா உனக்கு?" கைத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை.

இரண்டு மணிக்குக் கூடத்தில் உட்கார இடமில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். பெல்லா முன்வரிசையில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எஃபி இருந்த பக்கமே திரும்பவில்லை. எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறாளா, இல்லையா? எஃபி நோட்டைத் திறந்து புதுப் பக்கம் எடுத்தாள். படத்தில் அவள் ஒன்றையும் வெட்டவில்லை.

அலெக் விளக்கை அணைத்தான். படகு திரையில் வந்ததும் யாரோ விசும்பினார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஜிம், அவன் தம்பி, எஞ்சின்காரர், இரண்டு ஃப்ளெட் பையன்கள், டாட். எஃபி எழுதினாள்.

"இந்தப் பொண்ணு யாரு?" அலெக் இடது ஓரத்தைப் பெரிதாக்கினான். சிவப்புத் தலைத்துணி திரை முழுக்க நிறைந்தது.

ஒரு கிழவர், "கையைப் பாருங்கடா. கூப்பிடுறா" என்றார். நாற்காலிகளுக்குக் கீழே கைகள் போய் இரும்பைத் தொட்டன. "அவன் திரும்பிப் பாக்குறான். கடவுளே, அவனைக் கூப்பிட்டிருக்கா!"

"ரீனா ஃபால்கனர்தான்," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "டாடைச் சுத்திச் சுத்தி வந்தவ. அவகிட்டதான் இப்படிச் சிவப்புத் துணி இருந்துச்சு."

"அதான் கையோட அபர்டீனுக்கு ஓடிட்டாளா! இப்பத்தானே புரியுது."

"செத்தும் முப்பது வருஷம் ஆச்சு. இனிமே யாரைக் கேக்கறது? எழுதிக்க எஃபி, ரீனா ஃபால்கனர்."

பேனா முனை தாளில் இருந்தது. ரீனாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை, அவளுக்காகப் பேச ஒருத்தரும் இல்லை. எழுதிவிட்டால் முடிந்தது. எஃபி எழுந்து நின்றாள். பேனாவை மேஜையில் வைத்தாள்.

"ரீனா இல்ல. அது நான். டாட் டப்பாவை மறந்துட்டான். நான்தான் பின்னாலேருந்து கூப்பிட்டேன்."

அலெக் கிளிக் செய்கிற கையை அப்படியே வைத்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எஃபிக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை பேரில் ஆறு வீட்டுச் சொந்தமும் உண்டு. பின்னால் ஒரு நாற்காலி இழுபட்டது, யாரோ வெளியே போனார்கள்.

"அலெக்," என்றாள் பெல்லா. "வலது பக்கம் மேல போ. இன்னும் மேல. என் கொல்லை."

விரிப்புகள் திரையில் வந்தன.

"அது என் துணி. திங்கட்கிழமை துவைச்சது." அவள் கைத்தடியை ஊன்றி எழுந்து கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இரும்பைத் தொடுறவங்க இதுக்கும் சேத்துத் தொட்டுக்குங்க. இன்னும் எந்த வீட்டுல என்ன பண்ணீங்களோ, அதையும் நினைச்சுக்கிட்டுத் தொடுங்க."

முன்வரிசைக் கிழவர்களின் கைகள் பாதியில் நின்றன. ஒருவர் கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் தொட்டார்களா என்று இருட்டில் தெரியவில்லை.

பெல்லா மேஜையருகே வந்தாள். எஃபியின் தோளைத் தொடவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. நோட்டை மட்டும் பார்த்தாள். "இடது ஓரம் காலியா இருக்கே. உன் சட்டம் என்ன ஆச்சு?"

"கை வரல, பெல்லா."

"நான் சொல்றேன், எழுது. எஃபி மேர்." அவள் எழுதி முடிக்கும்வரை கிழவி காத்திருந்தாள். பிறகு, "அன்னிக்கு உன் வயசையும் எழுதுடி," என்றாள். "பதினேழுன்னு எழுது."