பக்கத்து சீட்

என் அக்காவின் கணவர் இருபத்திரண்டு வருடம் ஸ்போர்ட்ஸ் கார் விற்றார். வேலைக்குப் போய்வந்தது பஸ்ஸில். யாராவது இதைக் குத்திக்காட்டினால், நகைக்கடையில் வேலை செய்கிறவன் எல்லாம் கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டா அலைகிறான் என்று கேட்பார். கேட்ட கையோடு ஜன்னலோர இடத்துக்காக என்னோடு மல்லுக்கு நிற்பார்.

நானும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறேன். ஷோரூமுக்குப் பின்பக்கம் ஒர்க்‌ஷாப், அங்கே மெக்கானிக். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அத்தான்தான் என்பதை மாதம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டிவிடுவார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அவர் பக்கம் வெள்ளைத் தரை, காபி மெஷின், காலடிச் சத்தம் கேட்காத விரிப்பு. என் பக்கம் எண்ணெய்க் கறை. அங்கே பேசுவது இங்கே கேட்காது. ஆனால் வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து, யார் வாங்குவார், யார் காபி மட்டும் குடித்துவிட்டுப் போவார் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

ஷோரூமில் அத்தானுக்குப் பெயர் ‘சும்மா சார்’. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, “சும்மா உக்காந்து பாருங்க சார்.” விலைப் பேச்சையே எடுக்கமாட்டார். கதவைத் திறந்து விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்வார். அந்தக் கார்கள் தரையோடு தரையாக இருக்கும். ஏறுவது ஒரு கஷ்டம் என்றால் இறங்குவது ஒன்பது கஷ்டம். தொப்பை வைத்த பெரிய மனிதர்கள், பார்க்கிறவர்கள் முன்னால் தவழ்ந்து வெளியே வரக் கூச்சப்பட்டே கூடப் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எங்கள் அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவரிடம் இன்னும் சில வித்தைகள் இருந்தன. வாசலில் முதலில் நிற்பது யாராலும் வாங்க முடியாத வண்டி. அதன் விலையைக் கேட்டு மூச்சடைத்துப் போனவருக்கு, பக்கத்தில் நிற்பது மலிவாகத் தெரியும். “காலைல ஒருத்தர் கேட்டுட்டுப் போனார்” என்பார். அந்த ஒருத்தரை நான் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. சாவியைக் கையில் கொடுக்கமாட்டார், உள்ளங்கையில் வைத்து மெல்ல விரல்களை மூடிவிடுவார். விலை முடிந்தபிறகு சில்லறைச் சாமான்கள் வரும். ஸ்டியரிங்கில் சிவப்பு நூல் தையல் வேண்டுமா என்று கேட்பார். அந்த நூலுக்கு வாங்கும் தொகையில் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிளையும் ஹெல்மெட்டையும் வாங்கலாம். ஆனாலும் யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

தேய்மானம் என்ற சொல்லை மட்டும் வாங்க வருகிறவர் காதில் படாமல் காப்பாற்றுவார். கேட்டைத் தாண்டி முன்சக்கரம் ரோட்டைத் தொட்டதுமே விலையில் ஐந்தில் ஒரு பங்கு காலி. நாலு வருடம் போனால் பாதி மிஞ்சுவதே பெரிய விஷயம். அதே ஆள் விற்க வரும்போது பார்க்கவேண்டுமே, தேய்மானத்தைப் பற்றி அத்தான் மூச்சுவிடாமல் பேசுவார், கண்ணில் தண்ணீர் வராத குறைதான்.

விற்பனைக்கு வருகிற பழைய வண்டிகளை எடைபோடுவதும் அவர்தான். எஞ்சினை நான் பார்ப்பேன். அவர் நேராகப் போய்ப் பார்ப்பது டிரைவருக்குப் பக்கத்து சீட்டை. பெரும்பாலும் டிரைவர் சீட் தேய்ந்திருக்கும், பக்கத்து சீட் கடையிலிருந்து வந்த மேனிக்குப் பளபளவென்று இருக்கும். தனியாக ஓட்டுகிறவனுக்கு வண்டி சீக்கிரம் அலுத்துவிடும், அப்படிப்பட்டவன் விலையில் அதிகம் மல்லுக்கட்ட மாட்டான், பக்கத்தில் ஆளோடு ஓட்டுகிறவனுக்கு விற்கவே மனசு வராது என்பது அவர் கணக்கு. “பக்கத்து சீட் கசங்கின வண்டி விலைக்கு வராது மாப்ள” என்று என்னிடம் பெரிய ரகசியம் போலச் சொல்வார். நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவன் மாதிரித் தலையாட்டுவேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் வந்தார். ஒல்லியானவர், சிக்கனக்காரர், காபியில் சர்க்கரை போடுவதற்கே யோசிக்கிறவர். கம்பெனி அப்போது ஒரு வண்டி விட்டிருந்தது. உலகத்துக்கே முந்நூறுதான், முந்நூற்றோராவது கிடையாது என்றார்கள். டாக்டருக்கு ஆசை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது, மனசு மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கு அத்தான் வாயில் எங்கிருந்து வந்ததோ, “ஓட்டினாத்தான் டாக்டர் இது கார். ஓட்டாம வச்சிருந்தீங்கன்னா சொத்து” என்றார். டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வருடத்தின் சிறந்த விற்பனையாளர் என்று அத்தானுக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். அக்கா அதில் கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறாள்.

இந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. எங்கள் மேனேஜர் அத்தானைவிடப் பதினைந்து வயது சின்னவர். தொடர்ந்து மூன்று மாதம் டார்கெட் அடிக்காதவருக்கு ஷோரூமில் இடமில்லை என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். அத்தானுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. மூன்றாவது மாதத்தில் எட்டு நாள் மிச்சம். ஒரே ஒரு வண்டி போனால் போதும். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவராகவே எனக்கு விட்டுக்கொடுத்த அன்றுதான் நிலைமை எனக்கு உறைத்தது.

அப்போதுதான் பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது. கிளினிக்கை விற்றுவிட்டாராம், ஓய்வு பெறுகிறாராம். கம்பெனி இப்போது புதிதாக விட்டிருக்கும் ‘இருநூறே இருநூறு’ வண்டியைப் பற்றிப் படித்தாராம். பழைய சொத்தைக் கொடுத்துவிட்டு, மேலே கிளினிக் விற்ற பணத்தையும் போட்டு, புதிய சொத்தை எடுத்துக்கொள்ள வருகிறாராம். மேனேஜர் முகம் பூரித்துவிட்டது. பழையதற்கு மூன்றில் ஒரு பங்கு விலை சொல்லுங்கள், மசியாவிட்டால் கொஞ்சம் ஏற்றலாம், புதியதைப் பழைய பாட்டையே பாடித் தலையில் கட்டிவிடுங்கள் என்று அத்தானுக்குச் சொல்லி அனுப்பினார்.

கார் வந்தது ஒரு லாரியின் முதுகில். ஓட்டிக்கொண்டு வந்தால் மீட்டர் ஏறிவிடுமாம். லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் டாக்டரும் அவர் மனைவியும் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தார்கள். நான் கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தேன். நாற்பத்தொரு கிலோமீட்டர். ஷோரூமிலிருந்து வீட்டுக்குப் போன தூரம். அவ்வளவுதான், அதோடு சரி.

ஓடாத வண்டி உட்கார்ந்தே கெட்டுப்போகும், இது வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தராத பாடம். டயர்கள் நின்ற இடத்திலேயே ஒரு பக்கம் தட்டையாகியிருந்தன. ரப்பர் எல்லாம் விறைத்து விரிசல் விட்டிருந்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார். உள்ளே எப்படியிருக்கும் என்று எட்டிப் பார்த்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் இதில் போனதே இல்லையா என்று கேட்டேன்.

“எங்க போனேன் தம்பி. எடுத்துட்டு வந்த அன்னைக்கு அவர் இதுல போனார், நான் பின்னாடியே பஸ்ஸுல போனேன். சீட்டு கசங்கிடும்னார். வாரத்துக்கு ஒரு தடவை துடைக்கிறது மட்டும் நான்தான்.”

அத்தான் எனக்குப் பின்னால் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவர் பக்கத்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டெலிவரி அன்று அவர் தன் கையால் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் அதன்மேல் இருந்தது, மஞ்சள் பூத்துப்போய்.

என் அறிக்கையை எடுத்துக்கொண்டு நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனேன். வட்டமேஜை, மூன்று காபி, புதிய வண்டியின் படிவம், அதன்மேல் கையெழுத்துப் போடக் கொடுக்கிற கனமான பேனா. மேனேஜர் காபி மெஷினோடு ஏதோ வேலை இருப்பவர் போலக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பழைய வண்டி வாங்கின விலையைப்போல இரண்டு மடங்கு போகுமா, இரண்டரை போகுமா என்பதுதான் டாக்டரின் சந்தேகம். சொல்லும்போதே பேனாவை எடுத்துவிட்டார். அத்தான் கையை நீட்டி அந்தப் பேனாவைத் திரும்ப வாங்கி மூடினார். இத்தனை வருடத்தில் அவர் பேனாவைக் கொடுத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

“டாக்டர், மூணுல ஒரு பங்குன்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லியிருக்காங்க. வெளியில தேடிப் பிடிச்சு வித்தா பாதி வரும். அதுக்கு மேல எங்கயும் வராது.”

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. முந்நூறுதானே விட்டார்கள் என்றார். மறு வருடமே வண்டியின் பக்கவாட்டில் ஓடும் கோட்டுக்கு மட்டும் நிறத்தை மாற்றி இன்னொரு ஐந்நூறு விட்டார்கள் என்று அத்தான் மென்று முழுங்கிச் சொன்னார். டாக்டர் கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நான் ஓட்டவே இல்லையே.”

“அதனாலதான் இந்தப் பாதியாவது.”

“ஓட்டியிருந்தா?”

அத்தான் மூடிய பேனாவை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். எனக்கு அவரை அங்கிருந்து இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. “இந்த ஒன்பது வருஷமும் நீங்க ஆசை தீர ஓட்டியிருந்தா, இதுல இன்னும் பத்துல ஒரு பங்கு குறைஞ்சிருக்கும். அவ்வளவுதான் டாக்டர்.”

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓட்டாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?” டாக்டர் அத்தான் பக்கம் திரும்பினார்.

“நான்தான் சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லமாட்டேன். அன்னைக்கு எனக்கு வண்டி போகணும். இந்தப் புதுசும் அப்படித்தான் டாக்டர். வேண்டாம்.”

காபி மெஷின் பக்கம் ஒரு கோப்பை தட்டில் நங்கென்று விழுந்தது. டாக்டர் கத்தப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் அத்தானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “முப்பது வருஷமா நானும் வலிக்கவே வலிக்காதுன்னு சொல்லித்தான் பல்லப் பிடுங்கினேன்” என்றார். சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, முழுதாக வரவில்லை.

டாக்டரம்மா எழுந்து, இனிமேல் ஓட்டினால் எவ்வளவு குறையும் என்று கேட்டார். குறைவதற்கு இனிப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்று அத்தான் சொன்னதும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்கு நடந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் ஓடினோம். வண்டிக்கு முன்னால் போய் அந்த அம்மா தயங்கி நின்றார். பழக்கதோஷம், கை தானாகத் துடைக்கும் துணியைத் தேடியது.

அத்தான் கதவைத் திறந்து, அந்த மஞ்சள் பிளாஸ்டிக்கைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

“சும்மா உக்காந்து பாருங்கம்மா.”

இந்தத் தடவை அவர் இரண்டடி பின்னால் போகவில்லை. குனிந்து கைகொடுத்து உட்கார வைத்தார். நான் டயரைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

டயர், பேட்டரி, ரப்பர் எல்லாம் மாற்ற எனக்கு நான்கு நாள் பிடித்தது. ஐந்தாவது நாள் இருவரும் அதில் ஏறிப் போனார்கள். அந்த மாதம் முடிந்ததும் அத்தானை ஷோரூமிலிருந்து எடுத்து என் பக்கம் போட்டார்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு மேஜை. சர்வீசுக்கு வருகிற வண்டிகளைப் பதிந்துகொள்கிற வேலை. சம்பளம் குறைவு, கமிஷன் கிடையாது. இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் இவருக்கு இந்த அரிச்சந்திர வேஷம் தேவையா என்று எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் பஸ்ஸில் முகம்கொடுத்துப் பேசவில்லை. அக்கா மட்டும், இனிமேல் கோட்டுக்கு இஸ்திரி போடவேண்டாம், பெரிய விடுதலை என்றாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த காபியில் சர்க்கரை இல்லை.

ஆறேழு மாதம் கழித்து, போன வாரம் அந்தக் கார் சர்வீசுக்கு வந்தது. மீட்டர் பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது. கதவில் ஒரு கீறல், தரைவிரிப்பில் மணல், டாஷ்போர்டுப் பெட்டியில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். ஒரு விற்பனைக்காரர் பார்த்தால் தலையில் கைவைத்துக்கொள்வார். அத்தான் மேஜையை விட்டு எழுந்து வந்து, வழக்கம்போல நேராகப் பக்கத்து சீட்டுக்குக் குனிந்தார். தோல் நன்றாகக் கசங்கி, ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம் விழுந்திருந்தது. அந்த மடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“இது விலைக்கு வராது மாப்ள.”

ஒரு வண்டி விலைக்கு வராது என்பதற்காக அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்கு மறுபடியும் என்னோடு சண்டைக்கு வந்தார். நான்தான் விட்டுக்கொடுத்தேன்.