ஒரே நாளில் இறைத்த தண்ணீர்

அந்தப் பழைய கடைத்தெருவில் அவருக்கு ‘நாளைக்காரர்’ என்று பெயர். நகராட்சியில் பம்பு ஓட்டுபவர். வெள்ளம் வடிந்ததும் நூற்றைம்பது வருஷத்துச் செங்கல் கட்டடங்களின் நிலவறைகளில் தேங்கிய தண்ணீரை இறைப்பது அவர் வேலை. ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்குதான் இறைப்பார். “மிச்சம் நாளைக்கு” என்று குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெளியே மண் ஈரத்தில் ஊறிச் சுவரை உள்ளே தள்ளும். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அதைத் தாங்கும் என்று தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறார். யார் கேட்டார்கள்? சோம்பேறி என்று முகத்துக்கு நேராகவே ஏசினார்கள். மனிதர் அசைந்து கொடுத்ததில்லை, இருபது வருஷமாக.

இந்த முறை அவருடைய அக்கா வீட்டு நிலவறையும் முழுகியது. அக்கா புத்தகம் பைண்டிங் செய்பவள். கீழே காகிதக் கட்டு, தோல், அத்தான் விட்டுப்போன வெட்டு இயந்திரம், எல்லாம் தண்ணீருக்குள். மேல்மாடியில்தான் குடியிருப்பு.

முதல் பங்கு இறைத்துவிட்டு அவர் பம்பை நிறுத்தினார்.

“ஊரான் வீட்டுல சட்டம் பேசு. கூடப் பொறந்தவகிட்டயுமாடா?” என்றாள் அக்கா. “மெஷின் துருப்பிடிச்சா நான் எதை வச்சுப் பொழைக்கிறது?”

“ரெண்டே நாள்தான்க்கா, பொறுத்துக்க.”

அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள் அவள். அழுகையை எப்படித் தாங்குவார்? பாழாய்ப்போன மனசு. மறுபடி பம்பைப் போட்டார்.

மதியத்துக்குள் தரை தெரிந்தது. இயந்திரத்தை நாலு பேர் வெளியே தூக்கி வந்தார்கள். அக்கா அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே நிலவறைச் சுவர் உள்ளே சரிந்தது. அதன் பின்னாலேயே முகப்பு, மரப்படி, மேல்மாடி, அவள் சமையலறை எல்லாம் மளமளவென்று இறங்கின. எல்லோரும் வாசலுக்கு வெளியே நின்றதால் உயிர்ச்சேதம் இல்லை.

மறுநாள் அடுத்த கட்டடத்தில் அவர் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினார். ஒருவரும் ஏசவில்லை. எப்போதும் முதலில் ஏசும் ஜவுளிக்கடைக்காரர்கூட, “உங்க இஷ்டம்ணே,” என்று தலையாட்டினார். அந்த மனிதர் ஏசியிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

அக்கா இடிபாட்டுக்கு எதிரில் இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் போய் நின்றார்.

“நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும்டா,” என்றாள்.

“நான் சொன்னதை நானே கேக்கலையேக்கா.”