அப்டேட்டில் வரும் கைப்பிடி

அலுவலகத்தில் அவருக்கு நொட்டை என்று பெயர். லிப்ட் ஆய்வாளர். கட்டடம் கட்டடமாகப் போய், லிப்டில் ஏறி இறங்கி, குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். அந்த வேலைக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும், அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் மனுஷன் வேலையை வேலை செய்கிற இடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டாமா? வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். கதவுக் கீல் கிறீச்சிடுகிறது. துண்டை மடித்தது கோணல். மனைவி தும்முகிற விதம்கூடச் சரியில்லை. "தும்முறதுக்கு முன்னாடி ஒரு சிக்னல் குடுக்கக் கூடாதா? பக்கத்துல ஆள் இருக்காங்கல்ல?" என்று கேட்ட மகானுபாவர் அவர்.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரு பார்வையில் படித்துவிடுவாள். இருபத்துமூன்று வருஷத்தில் புருஷனையும் அப்படித்தான் படித்து வைத்திருந்தாள். பதில் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு மின்சாரக் கார் வாங்கினார். எட்டு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆராய்ச்சி செய்தார். ஷோரூமில் அந்தக் காருக்குள் உட்கார்ந்ததும் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. லிப்டுக்குள் கால் வைத்ததும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறவர், அங்கே பலகை அகலத் திரையைத் தடவிக்கொண்டே அரை மணி நேரம் இருந்துவிட்டு, வாயெல்லாம் பல்லாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே சாயம் வெளுத்தது. பின்கண்ணாடிக்கு வைப்பர் கிடையாது. டிக்கிக்குள் விளக்கு கிடையாது. நாலு ஜன்னலுக்கு ரெண்டே பட்டன். முன்னால் இருப்பதை இறக்க வேண்டுமா, பின்னால் இருப்பதை இறக்க வேண்டுமா என்று முதலில் இன்னொரு பட்டனிடம் சொல்ல வேண்டும். முன்பக்கத்துச் சாமான் பெட்டியைத் திறக்கக் கொக்கி இல்லை, திரையில் தேடித்தான் திறக்க வேண்டும். ஏறி இறங்கும்போது பிடித்துக்கொள்ள, எந்த ஓட்டை வண்டியிலும் கதவுக்கு மேலே ஒரு கைப்பிடி இருக்குமே, அதுவும் இல்லை.

அடுத்தவன் வாங்கியிருந்தால் கிழி கிழியென்று கிழித்திருப்பார். தான் வாங்கியது ஆயிற்றே! சப்பைக்கட்டு கட்ட ஆரம்பித்தார்.

"அதெல்லாம் பழைய காலத்துச் சாமான். இப்ப யாருக்கு வேணும்? வேணும்னா அப்டேட்ல வரும்."

"கைப்பிடியுமாங்க அப்டேட்ல வரும்?" என்று அவள் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவருக்கு ஆறுதல் சொல்ல ஒரு வாட்ஸாப் குரூப் இருந்தது. அதே கார் வாங்கி அதே மாதிரி ஏமாந்த எண்ணூறு பேர். ஏமாந்துவிட்டோம் என்று சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மழையில் வண்டியை ஓரங்கட்டி, குடை பிடித்து இறங்கி, பின்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருகிற ஒருவர், 'ரெண்டு நிமிஷ வேலை, உடம்புக்கும் நல்லது' என்று எழுதினார். அதற்கு எழுபது பேர் கைதட்டினார்கள். டிக்கிக்குள் அலமாரி விளக்கை ஒட்டியவர், ஜன்னல் பட்டனில் நகப்பூச்சால் புள்ளி வைத்தவர் என்று ஆளாளுக்கு ஒரு கண்டுபிடிப்பு. கம்பெனியைப் பார்த்து 'ஏன்யா வைக்கல?' என்று கேட்க ஒருத்தனுக்கும் வக்கில்லை. இந்தக் கூட்டத்துக்குத்தான் நம் நொட்டை தலைவராகிவிட்டார். 'தீர்வு எண் பதினான்கு', 'தீர்வு எண் பதினைந்து' என்று எண் போட்டு எழுதுவார். ஆள் எண்ணிக்கை கூடட்டும் என்று மனைவியின் நம்பரையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அவளுடைய அக்கா வங்கிப் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு மூட்டை மாற்றி வைத்தார்கள். தனியாக இருக்கிறவள். ஆறு வாரம் தங்கை வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. வீட்டுக்கு அனுப்புவதற்கு ரெண்டு நாள் முன்னால் டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: திடீரென்று குலுங்கக் கூடாது, பொத்தென்று உட்காரக் கூடாது, மூட்டு விலகினால் மறுபடி கத்திதான். இந்த ஒரு வாக்கியம் அவளைத் தூங்கவிடவில்லை. அக்காவைக் காரில் ஏற்றி இறக்குகிற அந்த ஐந்து நிமிஷத்தையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, டாக்ஸி சொல்லிடலாமா? அதுல உசரமா சீட்டு இருக்கும், பிடிச்சுக்கவும் ஏதாவது இருக்கும்."

"வாசல்ல இவ்ளோ பெரிய கார் நிக்குது, டாக்ஸியா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

மறுநாள் குளியலறைச் சுவரில் ஒட்டுகிற ரப்பர்க் கைப்பிடி ஒன்றை வாங்கி வந்து, காரின் கண்ணாடிக் கூரையில் உள்பக்கம் அழுத்தி ஒட்டினார். தீர்வு எண் இருபத்திரண்டு. படம் எடுத்து குரூப்பில் போட்டார். "எண்பது கிலோ தாங்கும்னு அட்டையிலயே போட்டிருக்கு" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் ஒரு கிளினிக்கின் லிப்டை இதே மாதிரி ஒட்டுக் கைப்பிடிக்காக மூடி முத்திரை வைத்துவிட்டு வந்தவர் இவர். "அறிவு இருக்கா அவனுங்களுக்கு? காத்து போனா கழண்டுக்கும், நோயாளி விழுந்து சாவான்" என்று அன்றைக்குச் சாப்பாடு முடிகிற வரைக்கும் குதித்தவர். அதை இப்போது நினைவுபடுத்தலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. எதற்கு வீண் சண்டை என்று விழுங்கிவிட்டாள். அந்த ஒரு விழுங்கலுக்காக அவள் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

ஆஸ்பத்திரி வாசலில் நல்ல வெயில். நர்ஸ் அக்காவைச் சக்கர நாற்காலியிலிருந்து எழுப்பி, முதுகைக் காருக்குக் காட்டி நிறுத்தினாள். "ஏதாச்சும் கெட்டியா பிடிச்சுக்கிட்டு மெதுவா உக்காருங்கம்மா."

"மேல பிடிங்க அக்கா, மேல. அதுக்குன்னே போட்டிருக்கேன்" என்றார் அவர், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி.

அக்கா பிடித்தாள். பாதி உட்கார்ந்திருப்பாள், 'பளக்' என்று கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பொத்தென்று விழுந்தாள். ஆபரேஷன் செய்த கால் கதவு விளிம்பில் மடங்கிக்கொண்டது. அவள் போட்ட சத்தத்தில் வாசல் காவலாளி ஓடி வந்தார். தங்கை மண்டியிட்டு அந்தக் காலை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள்.

"நேரா கீழ இழுக்கணும்கா. நீங்க சைடுல இழுத்துட்டீங்க" என்றார் அவர்.

நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஆபரேஷன் பைல் எங்க? சீக்கிரம் குடுங்க, டாக்டர் கேப்பாங்க."

பைல் முன்பக்கத்துச் சாமான் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திரையில்தான் திறக்க வேண்டும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வைபை வேகமாக இருக்கிறதே என்று, காத்திருந்த நேரத்தில் ஐயா அப்டேட் போட்டுவிட்டிருந்தார்.

"அறுபத்திரண்டு பர்சென்ட் வந்துடுச்சு. இன்னும் ஒரு பதினஞ்சு நிமிஷம்" என்றார். கொஞ்சம்கூட வெட்கமில்லை.

மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் காலை விடாமல், என்னென்ன மாத்திரை, எந்த ஊசி, எத்தனை மணிக்குப் போட்டது, எதற்கு ஒவ்வாமை என்று நர்ஸிடம் மளமளவென்று சொன்னாள். அத்தனையும் மனப்பாடம். நர்ஸ் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அக்காவை மறுபடி நாற்காலியில் ஏற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

நல்லவேளை, மூட்டு விலகவில்லை. வீக்கம்தான். ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்புவதாகச் சொன்னார்கள். மறுநாள் அக்காவே வாயைத் திறந்தாள். "தம்பி தப்பா நினைச்சுக்க வேணாம். நான் டாக்ஸில என் வீட்டுக்கே போறேன். இவ ரெண்டு நாள் கூட இருக்கட்டும்."

டாக்ஸிக்காரர் சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்தி, கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியைக் காட்டினார். அக்கா பூப்போல உட்கார்ந்தாள்.

வழியில் மனைவியின் போன் சிணுங்கியது. குரூப்பில் அவர் எழுதியிருந்தார்: 'தீர்வு எண் 22-இல் ஒரு சிறு திருத்தம். பயணி பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. பயணிக்கு முன்கூட்டியே பயிற்சி தரவும்.' அறுபத்துநாலு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். பயணி! அக்கா இவருக்குப் பயணியாகிவிட்டாள். படித்ததும் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது. குரூப்பை விட்டு வெளியேறினாள்.

நாலாம் நாள் அவர் போன் செய்தார். அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்து பழகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள்.

"கதவுக்கு மேல இரும்புக் கைப்பிடியே மாட்டிட்டேன். நாலு ஸ்க்ரூ. நானே தொங்கிப் பார்த்துட்டேன், அசையல. சாயந்திரம் வந்து உன்னைக் கூட்டிட்டு வரேன்" என்றார். குரலில் அப்படியொரு பெருமை.

அவள் ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள்.

"அங்க என்ன சத்தம்?" என்றார்.

"அக்கா நடக்கிறா."

"ஓ. சரி, ஆறு மணிக்கு வரட்டுமா?"

"நாலு நாளாச்சு. அக்கா எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை நீங்க கேக்கல."

குறை சொல்லப்பட்டவரின் மூக்குச் சிணுங்கலோடு, "நான் வேற எதுக்குக் கேக்கணும்? அதான் நீ இருக்கியே" என்றார்.

"ஆமா, இருக்கேன்" என்றாள் அவள். "இங்கதான் இருக்கப்போறேன். நீங்க வர வேணாம்."